பத்து நாள் பூவுக்கு ஒரு வருட வேலை

மேட்டிலிருந்து நான் இறங்கிக்கொண்டிருந்தேன், சனங்கள் ஏறிக்கொண்டிருந்தார்கள். வைக்கோல் தொப்பி, வெளிறிய சட்டை, கையில் மடித்த ஒரு தாள். எல்லோரும் நான் வேலை செய்த வெள்ளைக்காரக் கிழவியின் தோட்டத்தைப் பார்க்கப் போகிறவர்கள். வருடத்தில் ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஜூன் மாதத் தொடக்கத்தில், அவர் தன் பின்வளவை ஊருக்குத் திறந்துவிடுவார். வாசலில் ஒரு மேசை, தேத்தண்ணீர், கேக். அங்கே சேரும் காசு ஏதோ தர்மத்துக்குப் போகும். நடைபாதை ஒடுக்கமாக இருந்தது. எனக்காக ஒருவரும் ஒதுங்கவில்லை. நான்தான் ரோட்டில் இறங்கி நடந்தேன்.

மூச்சு வாங்கிக்கொண்டு வந்த ஒரு மனிதர் என்னை நிறுத்தி, இன்னும் தூரமா, ஏறிப் போவதற்குத் தகுந்த தோட்டம்தானா என்று கேட்டார்.

"மிக அழகு," என்றேன். "இந்த வருடம் விசேஷம்."

நன்றி சொல்லிவிட்டு அவர் ஏறினார். நான் இறங்கினேன். பூட்ஸில் காய்ந்த சேறு ஒவ்வொரு அடிக்கும் உதிர்ந்தது. பின்பொக்கற்றில் ஏதோ குத்தியது. எடுத்துப் பார்த்தேன், கிளை வெட்டும் கத்தரிக்கோல். அண்ணையுடையது. திரும்பிப் போய்க் கொடுக்க மனம் வரவில்லை.

அண்ணை என்று நான் சொல்வது என் முதலாளியை. சுவிசில் இருந்து லண்டனுக்கு வந்தவர். ஒரு வான், இரண்டு புல்வெட்டும் இயந்திரம், தென்லண்டனில் பன்னிரண்டு வீட்டுத் தோட்டங்கள், இவைதான் அவருடைய வியாபாரம். நோர்பரியில் அவர் வீட்டின் பின்னறையில் நான் ஒன்பது மாதமாகப் படுத்தேன். சாப்பாடும் அங்கேதான். அவருடைய மனைவியை அக்கா என்று கூப்பிடுவேன்.

நான் ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். ஜெர்மனியில் கோப்பை கழுவினேன். பாரிசில் ஒரு பேக்கரியில் மா பிசைந்தேன். ஹொலண்டில் கண்ணாடிக் கூடாரத்துக்குள் தக்காளி பிடுங்கினேன். ஒரு குளிர்காலம் முழுக்க லொறி நிறுத்தும் இடத்தில் படுத்தேன். இவற்றைப் பெரிய துன்பக் கதையாகச் சொல்பவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அதில் இடுப்பு நோவைத் தவிர எதுவும் மிஞ்சவில்லை. எந்த இடத்திலும் ஒரு வருடம் முழுதாக இருந்ததில்லை. யாரும் துரத்தாவிட்டாலும் நானே கிளம்பிவிடுவேன். ஆனால் நாற்பத்தெட்டு வயதில், நோர்பரி அறையில், முதல்முறையாக ஒரு கட்டிலுக்கு விரிப்பு வாங்கினேன். அதைக் கண்டு எனக்கே கொஞ்சம் பயமாக இருந்தது.

அங்கே நான் தொடர்ந்து இருப்பதா இல்லையா என்பது ஒரு பூட்டிய புல்வெளியில் தொங்கிக்கொண்டிருந்தது. கிழவியின் தெரு முனையில் ஒரு சதுக்கம் இருக்கிறது. சுற்றிவர வெள்ளை வீடுகள், நடுவில் இரும்புக் கம்பி வேலிக்குள் பெரிய தோட்டம். சுற்றியிருக்கும் வீட்டுக்காரர்களிடம் மட்டும் சாவி இருக்கும். அவர்களும் உள்ளே போவதில்லை. சாவி இருக்கிறது என்பதே அவர்களுக்குப் போதும். அந்தத் தோட்டத்தைப் பராமரிக்கும் வேலைக்குப் புது ஆள் தேடிக்கொண்டிருந்தார்கள். கிழவி அந்தத் தோட்டத்தை நடத்தும் கமிட்டியில் இருந்தார். அவர் ஒரு வார்த்தை சொன்னால் வேலை அண்ணைக்கு.

"உந்தச் சதுக்கம் மட்டும் கிடைச்சுதெண்டால் குளிருக்கும் வேலை இருக்கு, நீயும் இருக்கலாம்," என்று அண்ணை மார்ச் மாதமே சொல்லிவிட்டார். "கிடைக்காட்டி மார்கழியோட உன்னை வச்சிருக்க எனக்கு ஏலாது. இப்பவே சொல்லிப்போட்டன், பிறகு குறை சொல்லாத."

"சொல்லமாட்டன் அண்ணை."

"உனக்கென்ன குறை! கால்ல சில்லுப் பூட்டி உருளுற ஆள்தானே நீ."

ஆகவே கிழவியின் தோட்டத்தில் நான் ஒழுங்காக வேலை செய்தேன். ஒழுங்காக வேலை செய்தவனுக்குத்தான் அந்த வேலையின் கேவலமும் தெரியும்.

நான் போய்ச் சேர்ந்தது செப்டெம்பரில். இலை உதிரும் காலத்தை இந்தச் சனங்கள் கவிதை மாதிரிப் பேசுவார்கள். எனக்கு அது முதுகில் கட்டிய ஒரு மோட்டர். இலையை ஊதி ஊதி ஒரு மூலைக்குச் சேர்க்க வேண்டும். பிறகு அள்ளிக் கம்பிக்கூட்டுக்குள் போட வேண்டும். இரண்டு வருடம் உக்கவிட்டு, உக்கியதை அள்ளிக்கொண்டுபோய் அதே மரங்களின் அடியில் பரப்ப வேண்டும். விட்டிருந்தால் அது தானாகவே அங்கே உக்கியிருக்கும். இதை நான் ஒருமுறை கிழவியிடம் என் ஆங்கிலத்தில் சொல்லிப் பார்த்தேன். அவர் சிரித்தார். குழந்தை ஏதோ கேட்டதுபோலச் சிரித்தார்.

நவம்பரில் தூறலில் முழங்காலில் நின்று டியூலிப் கிழங்குகளை நட்டோம். நட்ட மறுநாள் அணில்கள் வந்து தோண்டின. மிளகாய்த்தூள் போட்டால் அணில் வராது என்று கிழவி எங்கோ வாசித்திருந்தார். அண்ணைக்கு ஒரே சந்தோசம். "அது எங்களிட்ட இருக்கிற சாமான்தானே," என்று அக்கா வறுத்து இடித்த கறித்தூளில் ஒரு பை கொண்டுவந்து தூவினார். வளவு முழுக்க இறைச்சிக்கறி மணந்தது. மூன்று நாள் அணில்களைக் காணவில்லை. நாலாம் நாள் குடும்பமாக வந்து, கிழங்கைத் தூளோடு சேர்த்துத் தின்றன.

"கறி வச்சுக் குடுத்தமாதிரி ஆச்சு," என்றார் அண்ணை.

குளிர்காலத்தில் அங்கே ஒன்றுமே இல்லை. சும்மா சொல்லவில்லை, கறுத்த மண்ணும் குச்சிகளும்தான். ஆனால் கிழவி தினமும் காலையில் தேத்தண்ணீர்க் கோப்பையோடு ஒரு சுற்று வருவார். செத்துக் காய்ந்த தண்டுகளை வெட்டப் போனேன். வெட்டாதே, பனி படிந்தால் அழகாக இருக்கும் என்றார். இலை எல்லாம் போன பிறகுதான் தோட்டத்தின் எலும்பு தெரியுமாம். எலும்பைப் பார்ப்பதற்கு ஒரு தோட்டம் வேண்டுமா? புதிதாக வாங்கிய கல்தொட்டிகள் புதிதாகத் தெரிகின்றன என்று அவருக்குக் குறை. அவற்றின் மேல் தயிர் பூசச் சொன்னார். தயிர் பூசினால் பாசி பிடிக்கும், பாசி பிடித்தால் நூறு வருடத்துக் கல் போல இருக்கும். புல்தரையில் தானாக வந்த பாசியை வாரி எறிவது என் செவ்வாய்க்கிழமை வேலை. தொட்டிக்குத் தயிர் பூசிப் பாசி வளர்ப்பது வியாழக்கிழமை வேலை.

பெப்ரவரியில் ஒரு சின்ன வெள்ளைப் பூ வரும். நிலத்திலிருந்து ஒரு சாண் உயரம் இருக்காது, தலையைக் குனிந்துகொண்டு நிற்கும். கிழவியின் சிநேகிதிகள் மூன்று பேர் அதைப் பார்ப்பதற்கென்றே வந்தார்கள். சேற்றில் முழங்கால் ஊன்றி, கன்னத்தை நிலத்தோடு வைத்து, அந்தப் பூவைக் கீழிருந்து அண்ணாந்து பார்த்தார்கள். உள்ளே பச்சைப் புள்ளி ஒன்று இருக்கிறதாம். நான் தள்ளுவண்டியோடு நின்று அவர்கள் எழும்பும்வரை காத்திருந்தேன். எழும்புவதற்கு ஒருவருக்கு என் கை தேவைப்பட்டது.

எங்கள் வீட்டிலும் ஒரு பைத்தியம் இருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். அக்கா ஒரு கறிவேப்பிலைக் கன்றைத் தொட்டியில் வைத்து, குளிர் வந்ததும் வீட்டுக்குள் தூக்கி, ஹீட்டருக்குப் பக்கத்தில் வைத்து, இலை இலையாகத் துடைப்பார். ஆனால் அந்த மரத்தில் இருந்து குழம்புக்கு இலை வந்தது. கிழவியின் வளவில் ஒரு வெண்டி இல்லை, ஒரு பச்சை மிளகாய் இல்லை. அவ்வளவு பூவில் ஒன்றைப் பறித்துத் தலையில் வைக்க மாட்டார். வீட்டுக்குள் ஒரு போத்தலில் வைக்கக்கூட மாட்டார். செடியிலேயே அது வாடும்வரை பார்த்துக்கொண்டிருப்பார். வாடியதும் எனக்கு வேலை.

வாடிய பூவை வெட்ட அவரே எனக்குக் கற்றுத் தந்தார். அது மே மாதம், சுவரோடு ஏறியிருந்த ரோசா முந்திப் பூத்திருந்த நேரம். பூ வாடினால் செடி விதை பிடிக்கப் பார்க்கும். வாடியதை வெட்டிவிட்டால், தன் வேலை முடியவில்லை என்று நினைத்து இன்னொரு பூ விடும். வெளிப்பக்கம் பார்த்த இலைக்குக் கொஞ்சம் மேலே, சரிவாக வெட்ட வேண்டும். நேராக வெட்டினால் தண்ணீர் நின்று அழுகும். நான் வெட்டிக் காட்டினேன். இன்னும் சரிவாக என்றார். மறுபடி வெட்டினேன். அன்று முழுக்க என் பின்னால் நின்று, நான் வெட்டிய ஒவ்வொன்றையும் குனிந்து பார்த்தார். எண்பது வயது இருக்கும். நகத்துக்குள் மண். பின்னேரம், "இப்போது சரி," என்றார். ஒரு செடியை ஏமாற்றும் வித்தை எனக்குக் கைவந்தது. வெட்டிய இடத்தில் மூன்று கிழமையில் புது மொட்டு வந்தபோது, பூமரம் எல்லாமே இப்படித்தான், வெட்ட வெட்ட வரும் என்று நினைத்துக்கொண்டேன். ஒன்பதாம் வகுப்பு வரை படித்தவனின் விஞ்ஞானம்.

பியோனி என்றொரு செடி தோட்டத்தின் நடுவில் நின்றது. கிழவியின் மாமியார் காலத்துச் செடியாம். மார்ச்சில் மண்ணுக்குள் இருந்து சிவப்பு விரல்கள் மாதிரி முளைத்தது. அதற்கு இரும்பு வளையம் கட்டினோம், குதிரைச் சாணி வைத்தோம், நத்தைகளைப் பிடிக்கப் பக்கத்தில் பியர் ஊற்றிய கிண்ணம் புதைத்தோம். பியர் குடித்து நத்தைகள் செத்தன. மே கடைசியில் ஒன்பது மொட்டு வந்தது. தினமும் காலையில் கிழவி அவற்றை விரலால் தொட்டு எண்ணுவார். ஞாயிற்றுக்கிழமை வரும் சனங்கள் அதைப் பார்க்கத்தான் வருகிறார்கள் என்று சொன்னார். நான் அதைப் படம் எடுத்து அண்ணையின் போனுக்கு அனுப்பினேன்.

அந்தப் படத்தை அக்கா பார்த்துவிட்டார்.

அந்த வெள்ளிக்கிழமை அம்மன் கோயிலில் அவர்களுடைய உபயம். அன்றைய பூசையும் பூவும் பொங்கலும் இவர்கள் குடும்பத்தின் பொறுப்பு. புதன்கிழமை இரவுச் சாப்பாடு போடும்போது அக்கா போனை என் முன்னால் நீட்டினார்.

"தம்பி, இது என்ன பூ? தாமரை மொட்டெல்லோ?"

"இல்லை அக்கா. இது நிலத்தில நிக்கிற செடி."

"நிலத்தில நிண்டால் என்ன, அதே நிறம், அதே மொட்டு. நிலத்தாமரை. ஈஸ்ட் ஹாம் கடையில தாமரை கேட்டனான், ப்ரிட்ஜில கிடந்து கறுத்ததைத் தூக்கிக் காட்டுறான். அதை அம்மாளுக்கு வைக்கிறதோ?" என் சாப்பாட்டுக் கோப்பையில் இன்னொரு அகப்பை சோறு விழுந்தது. "இந்த ஒன்பது மொட்டும் போதும். இதழை மடிச்சு நானே வைப்பன்."

"கிழவி எண்ணி வச்சிருக்கு அக்கா."

"சாமிக்குப் பூப் பறிக்கிறதை ஆரும் களவெண்டு சொல்லுறதில்லை. அதுவும் நீங்கள் தண்ணி விட்ட மரம்."

அவர் சொன்னதில் எனக்குப் பிழை தெரியவில்லை. எங்கள் ஊர்ப் பக்கத்தில் வேலிக்கு மேலால் நீட்டிக்கொண்டு நிற்கும் செவ்வரத்தம் பூவை, விடியற்காலையில் வழியால் போகிறவர் சாமிக்குப் பறிப்பார். வீட்டுக்காரர் கண்டாலும் வாய் திறக்க மாட்டார். பூ போவதற்கு அதைவிட நல்ல இடம் இல்லை என்பது எல்லோருக்கும் தெரிந்த விசயம். அதோடு, வெட்டினால் செடி மறுபடி விடத்தானே போகிறது. ஞாயிறுக்கு வராவிட்டாலும் மூன்று கிழமையில் வரும். கிழவியைக் கேட்டிருக்கலாம். கேட்டால் இல்லை என்பார் என்று தெரியும். அதனால் கேட்கவில்லை. இவ்வளவையும் யோசித்தவன்தான் நான். யோசிக்காமல் செய்தேன் என்று சொல்ல மாட்டேன்.

"அண்ணைக்குத் தெரியுமோ?" என்று மட்டும் கேட்டேன்.

"அவருக்கு எல்லாத்தையும் சொல்லோணுமே?" என்றார் அக்கா.

வெள்ளி மதியம் கிழவி தன் தங்கையைக் கூட்டிவர ஸ்டேஷனுக்குப் போனார். அண்ணை வேறொரு வீட்டில் புல் வெட்டிக்கொண்டிருந்தார். நான் ஒன்பது மொட்டையும் வெட்டினேன். ஒவ்வொன்றையும் வெளிப்பக்கம் பார்த்த இலைக்கு மேலே, சரிவாக. ஈரப் பேப்பரில் சுற்றி, அரிசிப் பையில் வைத்து, வான் வந்ததும் அதன் பின்புறம் ஒளித்தேன். பின்னேரம் அக்கா அவற்றின் வெளியிதழ்களை ஒவ்வொன்றாக உள்ளே மடித்தார். மடித்ததும் அது தாமரையேதான். அம்மனின் காலடியில் ஒன்பதும் இருந்தன. ஐயர்கூட எங்கே வாங்கினது என்று விசாரித்தார். ஈஸ்ட் ஹாம் என்றார் அக்கா. அண்ணை நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, பட்டுவேட்டியில் கோயிலை மூன்றுமுறை சுற்றினார்.

சனிக்கிழமை காலை நானும் அண்ணையும் கதிரைகளை அடுக்கப் போனபோது, கிழவி பியோனிக்கு முன்னால் முழங்காலில் இருந்தார். பக்கத்தில் புல்லில் தேத்தண்ணீர் ஆறிக்கொண்டிருந்தது. அவர் கத்துவார் என்று நினைத்தேன். கத்துகிற முதலாளிமாரை எனக்குத் தெரியும். கத்தி முடிந்தால் அவர்களுக்கும் பசிக்கும், நமக்கும் பசிக்கும், விசயம் முடிந்துவிடும். இவர் ஒரு தண்டைப் பிடித்து, வெட்டுவாயை விரலால் தடவினார்.

"வெட்டு மிகச் சுத்தமாக இருக்கிறது," என்றார் ஆங்கிலத்தில். "அணில் இப்படி வெட்டாது."

அண்ணை என்னைப் பார்த்தார்.

"நான்தான்," என்றேன்.

"ஏன்?"

எனக்கு இருந்த ஆங்கிலத்தில் ஒரு சொல்தான் வந்தது. "கடவுளுக்கு."

கிழவி தண்டை விட்டுக் கையைப் புல்லில் துடைத்தார். "அப்படியென்றால் திருப்பிக் கேட்க முடியாது," என்றார்.

"மறுபடி வரும். ரோசா மாதிரி. மூன்று கிழமை."

"வராது," என்றார். கோபமே இல்லாத குரல். பாடம் சொல்லும் குரல். பியோனி ரோசா மாதிரி இல்லை. அது வருடத்துக்கு ஒருதரம்தான். பத்து நாள். பிறகு அடுத்த ஜூன். இதைச் சொல்லிவிட்டு என் கையை எதிர்பார்க்காமல், வளையத்தைப் பிடித்துத் தானே எழும்பி, ஆறிய கோப்பையோடு உள்ளே போனார்.

பத்து நாள் பூக்கும் ஒரு செடிக்கு ஒன்பது மாதம் சாணி சுமந்திருக்கிறேன். என்ன செடி அது, இவர்கள் என்ன மனிதர்கள் என்றுதான் எனக்கு முதலில் தோன்றியது. பிழை செய்துவிட்டேன் என்பது அதற்குப் பிறகுதான் வந்தது. அதுவும் முழுதாக வரவில்லை.

வானுக்குள் ஏறியதும் அண்ணை கதவை அடித்துச் சாத்தினார்.

"அம்மாளின்ர காலுக்கு வச்சது இவளின்ர பூவோ?"

"ஓம் அண்ணை."

"ஈஸ்ட் ஹாமில வாங்கினதெண்டாள்!"

நான் சீட் பெல்ட்டை இழுத்துப் பூட்டினேன்.

"விசரா உனக்கு? அவள் கேட்டால் நீ வெட்டுறதோ? நாளைக்குக் கமிட்டிச் சனம் முழுக்க அங்க வருது. சதுக்கத்தை வாயில வச்சுத் தாற நேரம், வாயைத் தைச்சுப்போட்டியே!" கொஞ்ச தூரம் போனபின் குரல் இறங்கியது. "இஞ்ச பார். என்ர மனுசியின்ர கதை வெளியில வரப்படாது. கமிட்டிக்காரருக்கு மட்டுமில்லை, கோயில் சனத்துக்கும். களவெடுத்த பூவில உபயம் செய்தவை எண்டால் நான் அந்த வாசலை மிதிக்கேலாது. நீயாச் செய்தனி. விளங்குதோ?"

"ஓம்."

"நாளைக்கு வா. வாயைத் திறக்காமல் கதிரையைத் தூக்கு. நான் பார்க்கிறன்."

ஞாயிற்றுக்கிழமை வெயில் நன்றாக அடித்தது. புல்லில் நான் இயந்திரம் ஓட்டிய கோடுகள் நேராக இருந்தன. ரோசாக்கள் பூத்துக் கிடந்தன. இவ்வளவுக்கும் நடுவில் சனங்கள் கூடி நின்றது பூவில்லாத அந்த ஒரு செடியைச் சுற்றித்தான். கிழவி அதன் முன்னால் ஒரு சின்ன அட்டை நட்டிருந்தார்: "இங்கே பியோனி பூத்திருக்க வேண்டும். மன்னிக்கவும்." அதை வாசித்து உச்சுக்கொட்டினார்கள். அட்டையைப் படம் எடுத்தார்கள். செத்த வீட்டில் போலக் குரலைத் தாழ்த்திக் கதைத்தார்கள். இந்த நாட்டில் நான் வேலை செய்த எந்த இடத்திலும், மனிதனுக்கு நடந்த எதற்கும், இத்தனை பேர் இவ்வளவு மரியாதையாக நின்று நான் பார்க்கவில்லை.

கமிட்டித் தலைவர் நீலக் கோட்டுப் போட்ட உயரமான மனிதர். அவரும் கிழவியும் அண்ணையும் செடிவேலிக்கு அந்தப் பக்கம் நின்றார்கள். நான் இந்தப் பக்கம் இரண்டு மடக்குக் கதிரைகளோடு நின்றேன். இவர்கள் நல்ல வேலைக்காரர்கள் என்று கிழவி சொன்னது கேட்டது. நியாயமாகவே சொன்னார். ஒரு அசம்பாவிதம் நடந்தது, அவ்வளவுதான் என்றார். பூவை வெட்டிய அந்த ஆள் இன்னும் உங்களோடு இருக்கிறாரா என்று தலைவர் கேட்டார்.

"இல்லை, இல்லை," என்றார் அண்ணை, தன் அவசர ஆங்கிலத்தில். "அவர் முடிந்தது. இன்று கடைசி நாள்."

"நல்லது," என்றார் தலைவர். பிறகு சதுக்கத்தின் சாவியைப் பற்றி, எந்த நாளில் வந்து வாங்கலாம் என்று கதைத்தார்கள்.

இரண்டு கதிரைகளையும் விரித்து அட்டைக்கு முன்னால் வைத்தேன். நின்று துக்கம் கொண்டாடுகிறவர்கள் இருந்து கொண்டாடட்டும். பக்கத்துக் கேற்றால் வெளியே வந்து மேட்டை இறங்கத் தொடங்கினேன்.

நோர்பரிக்குப் போனபோது அக்கா மட்டும்தான் வீட்டில் இருந்தார். நான் பையை எடுப்பதைப் பார்த்ததுமே அவருக்கு விளங்கிவிட்டது. குசினி மேசையில் ஒரு செம்பு இருந்தது. அதில் ஒரு பியோனி; பூசை முடிந்து வீட்டுக்கு வந்தது. மடித்த இதழெல்லாம் அவிழ்ந்து, ஒரு முட்டைக்கோவா அளவுக்கு விரிந்து, செம்பின் வாயை மூடிக்கொண்டிருந்தது. தாமரையோடு அதற்கு ஒரு சம்பந்தமும் இல்லை.

"இஞ்ச பாருங்கோ, எவ்வளவு வடிவா விரிஞ்சிட்டுது," என்றார். பிறகு, "நான் சொல்லட்டோ தம்பி? நான்தான் கேட்டனான் எண்டு அந்தக் கிழவியிட்ட நானே போய்ச் சொல்லுறன்," என்றார்.

"வேண்டாம் அக்கா. அண்ணைக்குச் சதுக்கம் கிடைச்சிட்டுது."

"மெய்யே?" அவருடைய முகம் மலர்ந்துவிட்டு, உடனே வெட்கப்பட்டுச் சுருங்கியது. அதற்காக அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை. "அப்ப உங்களுக்கு?"

"எனக்கென்ன. சில்லுப் பூட்டின கால்தானே."

அவர் அவசரமாகச் சோறும் பருப்பும் ஒரு டப்பாவில் போட்டுத் தந்தார். மேலே ஒரு பொரித்த மீன் துண்டு. கட்டில் விரிப்பை மடித்து அங்கேயே வைத்துவிட்டு வந்தேன். பைக்குள் அதற்கு இடம் இல்லை.

ரயிலில் இருந்தபடி, பாரிஸ் பேக்கரியில் என்னோடு மா பிசைந்தவனுக்குப் போன் எடுத்து வேலை கேட்டேன். இப்போது அவன் அப்டன் பார்க்கில் கல் பதிக்கிறான். வீட்டு முற்றத்துத் தோட்டங்களைக் கிண்டி எறிந்துவிட்டு, கார் நிறுத்துவதற்குக் கல் பதித்துக் கொடுப்பது அவன் தொழில். எங்கள் சனம், குஜராத்திகள், பெங்காலிகள், எல்லோரும் அவனுக்கு வேலை கொடுத்தார்கள்.

"இந்தமுறை எத்தினை நாளைக்கடா நிப்பாய்?" என்று முதலிலேயே கேட்டான்.

"நிக்கிற அளவும் நிப்பன்."

"அப்ப நாளைக்குக் காலமை ஏழு மணிக்கு வா. பூட்ஸ் இருக்கோ?"

"அது மட்டும் இருக்கு."

திங்கட்கிழமை ஏழு மணிக்குப் போனேன். ஒட்டி ஒட்டிக் கட்டிய வீடுகளின் வரிசை. நாங்கள் நின்ற வீட்டின் முன்னால் பத்தடி மண். அதில் கொஞ்சப் புல், உடைந்த ஒரு செங்கல் கரை, சுவரோரம் யாரோ முந்தியிருந்தவர் நட்ட ஒரு கிழட்டு ரோசா. தண்டு என் மணிக்கட்டுத் தடிப்பு. வாடிய பூக்களும் நாலைந்து புதுப் பூக்களும் இருந்தன. வீட்டுக்காரர் எங்கள் ஆள்தான், வேலைக்குப் போகும் அவசரத்தில் கார்ச் சாவியோடு வாசலில் நின்றார்.

"அந்த ரோசாவை வேரோட எடுங்கோ. பிறகு கல்லைக் கிளப்பிக்கொண்டு வந்திடும்."

"ஓம், எடுக்கிறன்."

முள் கையைக் கிழிக்காமல் இருக்க, முதலில் கிளைகளை வெட்ட வேண்டியிருந்தது. பின்பொக்கற்றில் இருந்து அண்ணையின் கத்தரிக்கோலை எடுத்தேன். வாடிய பூக்களை முதலில் வெட்டினேன், பிறகு கிளைகளை. கொஞ்ச நேரத்தில் பின்னால் கூட்டாளியின் சிரிப்புக் கேட்டது.

"டேய், தோண்டி எறியப்போற மரத்துக்கு ஏன்டா இப்பிடிப் பார்த்துப் பார்த்துச் சரிச்சு வெட்டுறாய்?"

குனிந்து பார்த்தேன். ஒவ்வொரு வெட்டும் வெளிப்பக்கம் பார்த்த இலைக்கு மேலே இருந்தது. கிழவி பின்னால் நின்றிருந்தால் சரி என்றிருப்பார்.

கத்தரிக்கோலைப் பொக்கற்றில் போட்டுவிட்டு மண்வெட்டியை எடுத்தேன். வேர் ஆழமாகப் போயிருந்தது. இரண்டு பேரும் மாறி மாறிக் கொத்த வேண்டியிருந்தது. ஒன்பதரைக்கு அது வந்தது. பத்து மணிக்குக் கல் ஏற்றிய லொறி வந்து சேர்ந்தது. நான் இறக்கத் தொடங்கினேன்.